கணினியில் எழுதிய ஏடு

பனையோலையில் எழுதப்பட்ட நூல் சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும். ஆயினும் பண்டைத் தமிழ் நூல்கள் பல இன்றும் வாழ்கின்றன. ஓர் ஓலை அழியுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஓலையில் எழுதி வைத்தோர் தலைமுறைதோறும் இருந்தமையே அதற்குக் காரணம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை சிதைந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். அக்காலத்து ஏட்டுக்குப் பகை கறையான். இக்காலத்து எழுத்துக்கு வாய்த்த பகையோ கண்ணுக்குப் புலப்படாதது.

இங்கிலாந்தில் 1086 ஆம் ஆண்டில் தோலில் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப்பதிவேடு இன்றும் வாசிக்கத்தக்கதாயுள்ளது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986 இல் மக்கள் வாழ்க்கையைத் திரட்டி லேசர் வட்டுகளிற் பதிந்தது. இருபது ஆண்டு கழியுமுன்னரே அவ்வட்டுகளை வாசிக்கும் கருவிகள் அரிதாயின. அறிஞர்கள் பெரிதும் முயன்றே அவற்றை மீட்க நேர்ந்தது. வட்டு இருந்தும் வாசிக்கும் வழி இல்லையாயின் எழுத்து இருந்தும் இல்லாததேயாம்.

தமிழில் எழுதுவோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. இலங்கையிற் பலர் ‘பாமினி’ எழுத்துருவிலே கவிதையும் கட்டுரையும் எழுதி வைத்தனர். அக்கோப்பினுள் உண்மையிற் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகின்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். எழுதியவர் மறைந்தபின் பிள்ளைகள் அதனைக் குப்பையென எண்ணி அழித்துவிடவுங் கூடும். யுனிகோட் முறையிலோ தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்கள் உண்டு. அகரத்தின் எண் 2949. எந்நாட்டுக் கணினியும் அதனை அகரமென்றே அறியும். ஆதலின் பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்த்து வைத்தல் முதற்கடமையாகும்.

இரண்டாவது, பிரதியெடுத்தல். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளை எவராலும் மீட்க இயலவில்லை. ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே இரவில் அழியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, பெயரிடல். கோப்பின் பெயரிலேயே பொருளும் ஆண்டும் விளங்க வேண்டும். புகைப்படமாயின் அதிலுள்ளோர் யாவர், எவ்வூர் என்பதையும் எழுதி வைத்தல் நன்று. கடவுச்சொற்களை ஒரு தாளிற் குறித்து, நம்பத்தக்க உறவினர் அறியுமிடத்தில் வைத்தலும் அவசியம். ஆண்டுக்கொருமுறை, சரஸ்வதி பூசையன்றாவது, பிரதிகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். பழுதுறும் கருவியிலிருந்து புதிய கருவிக்கு அவற்றை மாற்றுதலும் வேண்டும். மிக இன்றியமையாதவற்றை நல்ல தாளில் அச்சிட்டும் வைக்கலாம்.

சுவடியை நெடுங்காலம் காத்தது ஓலையின் வலிமையன்று. அதனை மீண்டும் எழுதிய கையே. கணினி ஏட்டுக்கும் அக்கை வேண்டும். அதனை எழுதியவரே, தம் காலத்திலேயே, தொடங்கி வைத்தல் தகும்.