இராவணன் எழுந்துபோன ஆசனம்

கல்முனையிலிருந்து கரையோரமாகத் தெற்கே, பொத்துவிலையும் பாணமையையும் தாண்டிப் போனால் யால காட்டுக்கு எதிரே கடலில் இரண்டு பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. சிங்கள மீனவர்கள் அவற்றை மகா இராவண கோட்டுவ, குடா இராவண கோட்டுவ என்பார்கள். இராவணனின் பெரிய கோட்டை, சின்னக் கோட்டை. கப்பல்களைக் காவுகொண்ட இடம் அது. 1873இல் பெரிய திட்டில் வெளிச்சவீடு கட்டி முடித்ததே அந்தப் பயத்தால்தான். 1961இல் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் அங்கே சுழியோடியபோது, ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அடித்த வெள்ளி ரூபாய்கள் மூட்டை மூட்டையாக இறுகிக் கிடந்தன. மொகலாயரின் வெள்ளி அரக்கனின் கோட்டை வாசலில் கிடந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கடலில் அன்று இராவணன் இப்படித்தான் இருந்தான். ஆபத்து எங்கேயோ அங்கே அவன் பெயர். திருகோணமலைக்குப் போனால் முகம் கொஞ்சம் மாறும். கோணேசர் மலையைப் பிளந்த இராவணன் வெட்டும், தாய்க்குக் கடன் கழிக்க அவன் உண்டாக்கினான் என்று சொல்லும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் கல்முனைப் பிள்ளைகளின் பாடசாலைச் சுற்றுலாவில் தவறாத இடங்கள். அங்கே அவன் தாய்ப்பாசமுள்ள மகன், சிவபக்தன். ஆனாலும் யாரும் அவனை நல்லவன் என்று சொல்லிக் கேட்டதில்லை. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் அவனை மலைக்கடியில் நசுங்கவைத்து, பிறகு அருளும் வாங்கிக் கொடுக்கிறார். பக்தி இருந்தது, செருக்கும் இருந்தது. அன்றைய கணக்கில் இரண்டுக்கும் இடமிருந்தது.

சிங்கள நாட்டிலோ அன்று வணங்கப்பட்டவன் தம்பி விபீஷணன். களனி விகாரையில் அவன் காவல் தெய்வம். மகாவம்சம் சொல்லும் நாட்டு வரலாற்றில் இராவணன் என்றொரு மன்னனே கிடையாது.

முதலில் அவனை எழுப்பியவர்கள் தமிழர்கள். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது. 1948இல் அரசு தடைசெய்தது, 1971இல் தடை நீங்கியது. 1974இல் சென்னையில் திராவிடர் கழகத்தார் இராவண லீலை நடத்தி இராமனின் உருவத்தை எரித்தார்கள். வடக்கே தசராவில் ஆண்டுதோறும் எரிக்கப்படுபவனுக்காகத் தெற்கே கேட்ட நியாயம் அது. அந்தக் கோபத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கேயே ஒன்றைக் கவனித்துவைக்க வேண்டும். இராவணன் மேடையேறியதும், எரிக்க இன்னொருவர் தேவைப்பட்டார்.

அடுத்து சிங்களவர். வரலாற்றுக்கு முந்திய ஹெல, அதாவது ஆதிச் சிங்கள, மன்னனாக இராவணனைக் கற்பனை செய்த எழுத்துகள் முன்பே இருந்தன. 2009இல் போர் முடிந்த பிறகுதான் அது ஊர்வலமாகவும் கோயிலாகவும் வளர்ந்தது. பன்னிப்பிட்டியவில் தேவ்ரம் விகாரைக்குள் இராவணனுக்குத் தனிக் கோயிலே எழுந்தது. 2019 ஏப்ரல் 17 அன்று விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செய்மதிக்குப் பெயர் இராவணா-1. அதே ஆண்டு கட்டுநாயக்கவில் கூடிய மாநாடொன்றில், உலகின் முதல் விமானி இராவணனே என்றார்கள். அடுத்த ஆண்டு, அவன் பறந்ததற்குச் சான்றிருந்தால் தாருங்கள் என்று சிவில் விமான சேவை அதிகாரசபை பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. அவன் உயர உயர, களனியின் காவலன் தாழ்ந்தான். இராவணனைக் கொண்டாடுகிறவர்களில் பலருக்கு இன்று விபீஷணன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன்.

சீனாவிலும் இதே நடந்திருக்கிறது, வெறும் ஆறு ஆண்டுகளில். மிங் காலத்து நாவலான ஃபெங்ஷென் யென்யி, முடிவில் 365 பேரைத் தெய்வங்களாக்கிப் பட்டியல் போடும் கதை. அதில் ஷென் கோங்பாவ் என்ற தாவோ துறவி, குரு தன்னை விட்டுவிட்டு உடன் பயின்ற ஜியாங் ஸீயாவிடம் தெய்வங்களாக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுத்ததால் வெந்துபோகிறான். தன் தலையை வெட்டி வானில் பறக்கவிட்டு மறுபடி பொருத்திக்காட்டுவேன் என்று ஸீயாவைப் பந்தயத்துக்கு இழுக்கிறான். தென்துருவ முதியவர் என்ற தேவர், பறக்கும் தலையை ஒரு நாரையைக்கொண்டு தூக்கிச் செல்ல வைக்கிறார். ஸீயா மன்றாடித்தான் அது திரும்புகிறது, அதுவும் முகம் முதுகுப்பக்கம் பார்த்தபடி. பிறகு ஷென் மலை மலையாக ஏறி, கண்ட முனிவரையெல்லாம் இனிக்கப் பேசி, தோற்கப்போகும் பக்கத்துக்குப் போருக்கு அனுப்புகிறான். கடைசியில் அவனை வடகடலின் கண்ணில் அடைக்கிறார்கள். அவனுக்கும் ஒரு தெய்வப் பதவி கிடைக்கிறது: நீரைப் பிரிக்கும் தளபதி.

2019இல் வந்த நெஜா என்ற கார்ட்டூன் படமும், 2025இல் வந்து இருநூறு கோடி டொலருக்கு மேல் வசூலித்த அதன் இரண்டாம் பாகமும் இந்த ஷென்னை முற்றாக மாற்றிவிட்டன. இப்போது அவன் சிறுத்தையாகப் பிறந்து தவம் செய்து உயர்ந்தவன், திக்கித் திக்கிப் பேசுபவன். எவ்வளவு உழைத்தாலும் பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்படுபவன். வீட்டில் தகப்பன், நம்பி வந்த தம்பி, அவர்களுக்கு நேரும் கதி. பார்ப்பவர் நெஞ்சு அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் பாகத்தில் கொடியவனாக வந்து நிற்பவர் யார் தெரியுமா? தென்துருவ முதியவரின் சாயலிலேயே அமைந்த வூலியாங். தலையைத் தூக்கிப்போகச் சொன்ன பழைய நல்லவர் எழுந்துபோனவனின் ஆசனத்தில் உட்கார்த்தப்பட்டார்.

படத்தில் இது கலை. இலங்கையில் அந்த ஆசனத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் முஸ்லிம்களான நாங்கள்.

இராவண பலய என்ற அமைப்பு, பெயரிலேயே அவனை ஏந்திக்கொண்டு, மாடறுப்புக்கு எதிராகத் தெருவில் இறங்கியது. அந்தக் காலத்தில்தான், 2013இல், ஹலால் இலச்சினையே உள்ளூர்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்று கதை கிளம்பி, அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னது, அது வெறும் மாவுக் கட்டி என்று. அந்த அறிக்கை வந்தபோது அதைப் பேச யாரும் மிச்சமில்லை.

இராவணா-1 போன நான்காம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று தேவாலயங்களில் குண்டு வெடிக்கவைத்துக் கொன்றவர்கள் கொலைகாரர்கள். அவர்களுக்குப் பரிவு தேடி இதை எழுதவில்லை. ஏப்ரல் 26 இரவு அவர்களின் கூட்டம் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த வீட்டில் குண்டை வெடிக்கவைத்து, தங்கள் குழந்தைகளையும் சேர்த்துக் கொன்றது. அவர்களைச் சந்தேகித்துக் கேள்வி கேட்டதும் தகவல் கொடுத்ததும் சாய்ந்தமருது முஸ்லிம்களே. இருந்தும் அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. தகவல் கொடுத்தவனும் குண்டு வைத்தவனும் ஒரே முகமாகிவிட்டார்கள். அந்த ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இராவணா-1 சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஜப்பானில் இருந்து அதைச் செய்த இரண்டு இளம் பொறியியலாளர்களின் உழைப்பு எனக்குப் பெருமையானது. பெயரைத்தான் அந்த மாதத்தில் என்னால் மகிழ்ந்து சொல்ல முடியவில்லை.

கம்பனிடம் இந்த ஆசன மாற்றம் இல்லை. அவன் இராவணனுக்கு இசை, வீரம், கொடை எல்லாம் கொடுத்தான். கும்பகர்ணன் வாயால் பிழையையும் சொல்லவைத்தான், மண்டோதரியை அழவைத்தான். பிழை பிழையாகவே இருந்தது, அதை வேறொருவர் தலையில் ஏற்றவில்லை. நாகூர்க்காரரான நீதிபதி மு. மு. இஸ்மாயில், சென்னைக் கம்பன் கழகத்தைக் கட்டியெழுப்பியவர், வாலி வதையில் இராமன் செய்தது சரியா என்ற கேள்வியைக்கூட ஒளிக்காமல் பக்கம் பக்கமாக எழுதினார். அந்த வழியில் வந்த தமிழாசிரியர்கள் கல்முனையிலும் இருந்தார்கள். எனக்குக் கற்பித்தவர் தொப்பி போட்ட மௌலவி ஒருவரின் மகன். இராவணன் பாத்திரப் பண்பு பற்றிய வினாவுக்கு அவனுடைய பெருமையை மட்டும் எழுதினாலும் பாதிப் புள்ளி, பிழையை மட்டும் எழுதினாலும் பாதிப் புள்ளி என்று கறாராகத் திருத்துவார்.