காத்திருக்கும் செயலிகள்

டிராம்பேயின் ‘அனுபம்’ சந்தித்த சிக்கல், மெமரி வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு

அமெரிக்கா தன் சூப்பர் கம்ப்யூட்டர்களை இந்தியாவுக்குத் தரத் தயங்கிய காலம். தந்தாலும் கூடவே கட்டுப்பாடுகள் வந்தன. 1991-ல் டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம், இன்டெலின் ஐ860 செயலிகள் நான்கைப் பிணைத்து ‘அனுபம்’ என்ற இணைக் கணிப்பொறியை உருவாக்கியது. காகிதக் கணக்குப்படி 40 மெகாஹெர்ட்ஸ் ஐ860 ஒன்றே விநாடிக்கு 6 கோடி தசமக் கணக்குகளைப் போட வேண்டும். நான்கும் சேர்ந்து போட்டது சுமார் 3 கோடி.

மீதி எங்கே போயிற்று? கம்பைலருக்கும், செயலிகள் தமக்குள் தகவல் பரிமாறும் நேரத்துக்கும் பங்குண்டு. ஆனால் ஐ860 பற்றிப் பரவலாகக் கேட்ட புகார்களில் ஒன்று, எண்கள் நினைவகத்திலிருந்து வரும்வரை செயலி சும்மா இருக்கிறது என்பது. அதன் பக்கத்திலேயே தரவுக்கென்று இருந்த கேஷ் நினைவகம் வெறும் 8 கிலோபைட்.

மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். பரிமாறுபவர் கையில் சாம்பார் வாளி இருந்தால் கேட்டதும் விழும். அதுதான் கேஷ். வாளி காலியானால் அவர் சமையலறைக்குப் போய், அண்டாவின் மூடியைத் திறந்து, மொண்டு வர வேண்டும். எவ்வளவு பெரிய வாளியில் கொண்டு வந்தாலும், முதல் கரண்டி விழும்வரை இலை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பே லேட்டன்சி.

மும்பையின் லாமிங்டன் ரோடு கடைகளில் ‘சிஎல் 16’, ‘சிஎல் 30’ என்று விற்கப்படுவது இதன் ஒரு பகுதிதான்: திறந்த வரிசையிலிருந்து தகவல் வர எத்தனை கடிகாரத் துடிப்புகள் ஆகும் என்ற எண்ணிக்கை. சிறிய எண்ணே சிறந்தது என்று நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். துடிப்பின் நீளத்தால் பெருக்கினால்தான் உண்மை தெரியும். டிடிஆர்4-3200, சிஎல் 16 என்றால் 10 நானோ விநாடி. டிடிஆர்5-6000, சிஎல் 30 என்றாலும் அதே 10. 1990-களின் இறுதியில் வந்த பிசி133, சிஎல் 2-க்கு 15. கால் நூற்றாண்டில் தகவல் பாயும் வேகம் பல மடங்கானது. காத்திருப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை.

கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த சிஎல் வாங்கினால் என்ன கிடைக்கும்? கடிதம் தட்டச்சு செய்பவருக்கு ஒன்றுமில்லை. சில விளையாட்டுகளில் சில சதவீதம். அதுவும் பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற அமைப்பை இயக்கினால்தான். பலர் அதைச் செய்யாமலே விலையுயர்ந்த மெமரியை மந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள். மாறாக, எண்களை அளவுக்கு மீறி இறுக்கினால் கணிப்பொறி நின்றுபோகும். நின்றால் பரவாயில்லை. நிற்காமல், ஒரு பிட் மாறிய தவறான விடையைத் தருவதுதான் ஆபத்து. அணு உலைக் கணக்கில் அந்த விளையாட்டு கூடாது. அத்தகைய இடங்களில் பிழை திருத்தும் மெமரியைப் போட்டு, உற்பத்தியாளர் சொன்ன எண்களைத் தொடாமல் விடுவார்கள்.

விஞ்ஞானிகள் வேகத்தைத் தேடுவது வேறு இடத்தில். ஃபோர்ட்ரான் மொழி அணிகளை நெடுவரிசையாகச் சேமிக்கிறது. நிரல் அவற்றைக் கிடைவரிசையாகப் படித்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் சமையலறைக்கு ஓட்டம்தான். உள்ளே வெளியே உள்ள இரண்டு சுழற்சிகளை இடம் மாற்றி எழுதினால், பெரிய அணிகளில் அதே வேலை பல மடங்கு வேகமாக முடிவதுண்டு. இதற்கு லாமிங்டன் ரோடு போக வேண்டியதில்லை.