ஒப்பனையைக் களைந்த பிறகு

அலெக் கினஸைத் தெருவில் கண்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது அந்தப் பிரிட்டிஷ் நடிகரைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் பாராட்டு. அந்தப் பாராட்டுக்குள் ஒரு குற்றச்சாட்டும் அடங்கியிருக்கிறது. இவருக்கென்று ஒரு முகம் கிடையாது, ஒட்டுமூக்கையும் பொய்முடியையும் எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது என்பதே அதன் மறுபக்கம். மேடையிலும் திரையிலும் அவர் செய்த வேலையை வரிசையாக வைத்துப் பார்த்தால் நேர்மாறான முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. வேடம் கூடியபோது அவர் நம்மை வியக்கவைத்தார், சிரிக்கவும் வைத்தார். பெரிய நடிகராக நிமிர்ந்தது வேடத்தைக் களைந்த இடங்களில்தான்.

அவர் 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. தந்தை யார் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதிப் பிழைத்துக்கொண்டே நாடகத்துக்கு வந்தவரை, அன்றைய பெரும் நடிகர் ஜான் கில்குட் 1934இல் தன் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சிறிய பாத்திரம் கொடுத்துக் கைதூக்கிவிட்டார். நான்கே ஆண்டுகளில் ஓல்ட் விக் அரங்கில், நவீன உடையில் நடந்த 'ஹாம்லெட்'டின் நாயகனே கினஸ்தான். போர் வந்ததும் கடற்படையில் சேர்ந்தார். 1943இல் சிசிலித் தீவில் படைகளை இறக்கிய படகுகளில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. போர் முடிந்து டேவிட் லீன் இயக்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1946) வழியாகத் திரைக்கு வந்தார்.

வேடத்தில் அவருக்கிருந்த வல்லமைக்கு 1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' போதும். ஒரு பிரபு குடும்பத்தின் வாரிசுகளை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று பட்டத்தை அடையத் துடிக்கும் இளைஞனின் கதை அது. கொல்லப்பட வேண்டிய குடும்பத்தார் எட்டுப் பேராகவும் நடித்தவர் கினஸ். அந்த எட்டில் ஒருத்தி பெண். இதைக் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குகிறவர்கள் அந்தப் பாத்திரங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூழ்கும் கப்பலில் விறைப்பாக நின்றபடி நீருக்குள் போகும் கடற்படைத் தளபதியையும், தள்ளாடும் கிழப் பாதிரியாரையும் பிரித்துக் காட்டுவது தாடி மீசை மட்டுமா? கழுத்து எப்படித் திரும்புகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, பேசும்போது கண் யாரைத் தேடுகிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. உள்ளிருந்து தொடங்கிய வேலைக்கு ஒப்பனை வெளிப்பூச்சாக அமைந்தது.

ஆனால் வேடமே முந்திக்கொண்டு ஓடிய இடங்களும் உண்டு. 1948இல் வந்த 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் ஃபேகினாக நடிக்க அவரே விரும்பிக் கேட்டார். தயங்கிய டேவிட் லீனை, ஒப்பனையோடு வந்து நின்று சம்மதிக்க வைத்தார். அந்தப் பெரிய ஒட்டுமூக்கு யூதர்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திரமாகத் தெரிந்தது. 1949இல் பெர்லினில் யூதர்கள் கொதித்தெழுந்தார்கள். அமெரிக்காவில் 1951இல் சில பகுதிகளை வெட்டிய பிறகே படம் வெளியானது. படம் எடுக்கப்பட்டபோது இன அழிப்பு நடந்து முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் அரபு இளவரசர் ஃபைசலாகவும், 1984இல் 'எ பாஸேஜ் டு இந்தியா'வில் பேராசிரியர் காட்போலேயாகவும் தோலுக்குச் சாயம் பூசி நடித்தார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஃபைசல் வேடத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். காட்போலே விஷயத்தில் பொருந்தாது. அதே படத்தில் விக்டர் பானர்ஜியும் ரோஷன் சேத்தும் சயீத் ஜாஃப்ரியும் நடித்திருக்கிறார்கள். இந்திய நடிகர்களை அருகிலேயே வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலேயரைப் பிராமணராக்கியது பிழைதான், அது கலையாகவும் தேறவில்லை. நம் கண்ணுக்கு அங்கே பேராசிரியர் தெரிவதில்லை, ஒப்பனைதான் தெரிகிறது.

இவற்றுக்கு எதிரே 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் கர்னல் நிக்கல்சனை வைத்துப் பார்க்கலாம். ஒட்டுமூக்கு இல்லை, குரல் மாற்றம் இல்லை. ஜப்பானியர் சிறையில் தன் மானத்தைக் காப்பதாக நினைத்து, எதிரிக்கே உறுதியான பாலம் கட்டிக்கொடுக்கும் அதிகாரி. தகரக் கூண்டில் நாள்கணக்கில் வெயிலில் வாடியபின் அவர் வெளியே வந்து, கால் பின்ன, முதுகு வளையாமல் நடந்து செல்லும் காட்சி உண்டு. இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்டுவந்த தன் மகனின் நடையைப் பார்த்து அந்த நடையை அமைத்ததாகக் கினஸ் சொல்லியிருக்கிறார். வசனமே இல்லாமல் ஒரு மனிதனின் வீம்பு, வலி, பெருமிதம் மூன்றும் அந்தச் சில அடிகளில் தெரிந்துவிடுகின்றன. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. படம் மொத்தம் 7 ஆஸ்கர் வென்றது. படமாக்கிய இடம் இலங்கையின் கித்துல்கல. களனி ஆற்றின் மேல் அந்தப் பாலம் எழுந்தது. தமிழ் வாசகர்கள் மறக்கக் கூடாத ஒன்றும் இங்கே இருக்கிறது. இந்தக் கதைக்கு அடிப்படையான, ஜப்பானியர் அமைத்த உண்மையான சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டு, பெருந்தொகையினர் அங்கேயே மடிந்தார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. அது நடிகரின் குற்றமாகாது. ஆனாலும் அவர் நடிப்பைப் போற்றும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேடை ரசிகர்கள் இன்னொரு மறுப்பை வைப்பார்கள். மேடை நடிகர்கள் ஆலிவியரும் கில்குட்டும் எட்டிய துன்பியல் உயரத்தைக் கினஸ் எட்டவில்லையே? உண்மைதான். 1951இல் அவரே இயக்கி நடித்த 'ஹாம்லெட்' முதல் நாளே சறுக்கியது. 1966இல் சிமோன் சின்யோரேவுடன் நடித்த 'மக்பெத்'தையும் விமர்சகர்கள் ஏற்கவில்லை. நெஞ்சைப் பிளந்து அரங்கம் அதிரக் கொட்டும் பாத்திரங்கள் அவருக்குரியவை அல்ல. உணர்ச்சியை அடக்கிவைத்து, பார்ப்பவர் தாமே குனிந்து தேடும்படி செய்வது அவர் வழி. நெருங்கி வரும் கேமராவுக்கு அது மிகவும் ஒத்துப்போனது. கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய மேடைக்கு எப்போதும் ஒத்துவரவில்லை.

இதற்கு முழுச் சான்று, பிபிசி தொலைக்காட்சிக்காக அவர் நடித்த உளவாளி ஜார்ஜ் ஸ்மைலி. 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' 1979இல் 7 பகுதிகளாகவும், 'ஸ்மைலிஸ் பீப்பிள்' 1982இல் 6 பகுதிகளாகவும் வந்தன. அப்போது கினஸுக்கு அறுபத்தைந்து வயது கடந்திருந்தது. பெரிய மூக்குக்கண்ணாடி, மேலங்கி, அவ்வளவுதான் வேடம். மற்றவர்கள் பேச, அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்; கண்ணாடியைத் துடைக்கிறார்; முகத்தில் ஏதும் நடக்காததுபோல் இருக்கிறது. ஆனால் மனைவியின் பெயரை யாராவது எடுத்தால் அந்த முகம் ஒரு நொடி இறுகுவதை நாம் பார்த்துவிடுகிறோம். வாழ்நாளெல்லாம் துரத்திய எதிரி இறுதியில் பெர்லின் பாலத்தைக் கடந்து வந்து தானே அகப்படும்போது, ஸ்மைலியின் முகத்தில் வென்றவனின் மகிழ்ச்சி துளியும் இல்லை. அப்படி ஒரு முகத்தைக் காட்ட உள்ளே எதுவும் இல்லாத ஒருவரால் முடியாது.

கினஸ் 2000 ஆகஸ்ட் 5 அன்று, 86 வயதில் மறைந்தார். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஓபி-வான் கெனோபியாக மட்டும் அவரை அறிந்தவர்கள் ஸ்மைலியின் 13 பகுதிகளையும் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.