கிரேக்க ஆட்சியாளர் ஒப்பீடும் தமிழ்ப் பெயர்ப்புச் சொற்களும்

பண்டைக் கிரேக்க ஆட்சியாளர்களின் தலைமைப் பண்புகளை ஒப்பிடும் நூல்கள் தமிழாகும்போது, ஒப்பீட்டின் பெரும்பகுதி சொல்தேர்விலேயே முடிவாகிவிடுகிறது. ஒருவரை ‘மன்னன்’ என்றும் மற்றொருவரைக் ‘கொடுங்கோலன்’ என்றும் பெயர்த்தபின், அவர்தம் பண்பைப் படிப்போர் தாமே எடைபோட இடமில்லை. மூன்று கிரேக்கச் சொற்களைக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முதற்சொல் ‘துரன்னோஸ்’. மரபுரிமையின்றித் தன் வலிமையால் ஆட்சியைக் கைக்கொண்டவரை இது குறித்தது. அவர் ஆண்ட முறையை அன்று. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்சை ஆண்ட பெய்சிஸ்திரதோஸ் இவ்வாறு அழைக்கப்பட்டார். ஆனால் அவர் ஏழை உழவர்க்குக் கடன் வழங்கியதையும், ஊர்ப்புறங்களில் வழக்குத் தீர்க்க நடுவர்களை அமர்த்தியதையும், மென்மையாக ஆண்டதையும் அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ‘ஏதெனியர் அரசமைப்பு’ கூறுகிறது. தமிழ்க் ‘கொடுங்கோல்’ என்பதோ ஆளும் முறையின்மீது எழும் தீர்ப்பு. திருக்குறளின் 55, 56ஆம் அதிகாரங்களான செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அரசனை அவன் செயலால் அளக்கின்றன. பிறப்புரிமை பெற்ற மன்னனும் கொடுங்கோலன் ஆகலாம். ஆதலின் பெய்சிஸ்திரதோசுக்கு ‘ஆட்சி கவர்ந்தோர்’ என்பதே தகும். ஆயினும் அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ என்னும் நூல், தன்னலம் கருதிய தனியாட்சிக்கே இச்சொல்லை ஆள்கிறது. அங்குக் ‘கொடுங்கோலன்’ பொருந்தும். ஒரே சொல்லாயினும் காலமும் நூலும் நோக்கியே பெயர்த்தல் வேண்டும்.

இரண்டாவது சொல் ‘பசிலேயுஸ்’. அகராதிகள் ‘அரசன்’ எனப் பொருள் தரும். ஆனால் ஸ்பார்ட்டாவில் ஒரே காலத்தில் இரு அரசர் இருந்தனர். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து எஃபோர்கள் அவர்களைக் கண்காணித்தனர். கி.மு. 480இல் தெர்மோபிலேயில் வீழ்ந்த லியோனிதாஸ் அவ்விருவருள் ஒருவர். ஏதென்சிலோ இச்சொல் சமயக் கடமைகளைக் கவனித்த ஓராண்டு அலுவலரைக் குறித்தது. மாசிடோனியாவின் அலெக்சாந்தரும் பசிலேயுசே. மூவரையும் ‘மன்னர்’ என்றால் அவர்தம் அதிகார எல்லைகள் மறைந்துபோகும்.

மூன்றாவது ‘ஸ்திரடேகோஸ்’. ஏதென்சின் பெரிக்கிளிஸ் அரசர் அல்லர். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட படைத்தலைவர் பதின்மருள் ஒருவராகப் பலமுறை பதவி வகித்தவர். கி.மு. 430இல் மக்கள் அவரைப் பதவி நீக்கித் தண்டம் விதித்து, பின்னர் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பேரவையை இணங்கவைக்கும் சொல்வன்மையே அவர்தம் தலைமைப் பண்பு. அவரை அலெக்சாந்தரோடு ஒருங்கே ‘மன்னர்’ வரிசையில் நிறுத்தினால் அப்பண்பின் தேவையே விளங்காது.

பட்டம் வேறு, அதிகாரம் வேறு என்பது தமிழ்க் கல்வெட்டுகள் அறிந்த உண்மையே. தமிழர் பெருந்தொகையாக வாழும் கோலார் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள கோலார் நகரம் கல்வெட்டுகளில் ‘குவளாலம்’ எனப்படும். கங்க மரபினர் தம்மைக் ‘குவளாலபுர பரமேசுவரர்’ என்றனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் அவர்தம் தனியாட்சியை முடித்தனர். அங்குள்ள கோலாரம்மன் கோயிலில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். எனினும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும், மூன்றாம் குலோத்துங்கனின் கீழ்ச் சிற்றரசராயிருந்த சீயகங்கன் அப்பட்டத்தைத் தாங்கினார். பவணந்தியாரை நன்னூல் இயற்றச் செய்தவர் இவரே. ‘பரமேசுவரர்’ என்னும் பட்டத்தை இறையாண்மை எனப் பெயர்த்தால் வரலாறு பிழைபடும். அது குலப்பெருமையின் சான்று மட்டுமே. இவரது தலைமைப் பண்பை அறியப் பட்டத்தை விட நன்னூலே சிறந்த அளவுகோல்.

ஆகவே ஒப்பீட்டு நூல்களைப் பெயர்ப்போர் மூலச்சொல்லை ஒலிபெயர்த்து, அது முதலில் வருமிடத்தில் மூன்று செய்திகளைத் தருதல் நன்று: பதவி எவ்வாறு கிடைத்தது, எத்துணைக் காலத்திற்கு உரியது, யாருக்குக் கட்டுப்பட்டது. பண்பு பற்றிய தீர்ப்பை அதன்பின் வரும் செயல்களே உரைக்கட்டும்.