வெற்றிடக் குழாய் ரயிலும் நமது மூச்சும்

காற்று அகற்றிய குழாய்க்குள் மணிக்கு 1000 கிலோமீற்றர் வேகத்தில் ரயில் ஓடினால் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்கிறார்கள். சென்னை ஐஐடி இதற்காக 422 மீற்றர் நீளமான சோதனைக் குழாயை அமைத்திருக்கிறது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் இருவர் மணிக்கு 172 கிலோமீற்றர் வேகத்தில் பயணித்தும் பார்த்தார்கள். அந்த நிறுவனம் 2023 இறுதியில் மூடப்பட்டது.

வேகம் உடலுக்குப் பிரச்சினையல்ல. கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான் நாம் விமானத்தில் ஊருக்குப் போய் வருகிறோம். வைத்தியர்களாகிய எங்களுக்கு யோசனை தருவது காற்றுத்தான். விமானத்தினுள் அமுக்கம் குறைந்தால் முகமூடி விழும். விமானி சில நிமிடங்களில் 10,000 அடி உயரத்துக்கு இறக்கிவிடுவார், அங்கே சுவாசிக்கக் காற்று உண்டு. குழாய்க்குள் அப்படி இறங்க இடமில்லை. அங்கு உத்தேசிக்கப்படும் அமுக்கம் வெளிக்காற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பெட்டியில் பெரிய ஓட்டை விழுந்தால் பத்துப் பதினைந்து செக்கன்களில் நினைவு தப்பும். முகமூடியும் உதவாது, அவ்வளவு குறைந்த அமுக்கத்தில் தூய ஒட்சிசன்கூட நுரையீரலிலிருந்து இரத்தத்தில் சேராது. ஆகவே குழாய்க்குள் உடனே காற்றை நிரப்பவும், ரயில் நின்ற இடத்திலிருந்து வெளியேறவும் வழி இருக்கவேண்டும்.

அதுவரை விமானம்தான். முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்குப் போடுங்கள், பிறகு பிள்ளைக்கு. (நம் தாய்மார் மாறித்தான் செய்யப் பார்ப்பார்கள்.) 35,000 அடியில் முகமூடி இல்லாமல் புத்தி தெளிவாக இருப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்.