கடல் தூசியான கதை



நான் பூகோளம் கற்பித்த வகுப்பறையில் ஆசியாக் கண்டத்தின் படம் ஒன்று தொங்கியது. காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே அதில் ஒரு நீலத் திட்டு இருக்கும். பிரம்பின் நுனியால் அதைத் தொட்டு, "ஏரல் கடல், உலகின் நான்காவது பெரிய ஏரி" என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். நான் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த நீர் பெரும்பாலும் வற்றிவிட்டது என்பதைப் பின்னரே அறிந்தேன். அப்பிழையைத் திருத்தும் கடமையாகவே இன்று பேசுகிறேன்.

அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரண்டு ஆறுகள் அக்கடலுக்கு நீரூட்டின. 1960-களிலிருந்து சோவியத் அரசு அவற்றின் நீரைப் பருத்தி வயல்களுக்கு மேன்மேலும் திருப்பியது. கடல் பின்வாங்கியது, அதன் தரை வெளிப்பட்டது. அப்புதிய பாலைக்கு ஏரல்கும் என்று பெயர்.

தூசி எவ்வாறு எழுகிறது? மிக நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று பற்றித் தரையோடு ஒட்டிக் கிடப்பவை. காற்றுக்கு முதலில் அசைவன மணல் மணிகளே. அவை சிறிது தூரம் தாவி விழுந்து தரையை மோதுகின்றன. அந்த மோதலில்தான் நுண்பொடி மேலே கிளம்புகிறது. கரும்பலகை துடைப்பானை ஊதினால் பொடி அவ்வளவாக எழாது. மேசைமேல் தட்டினால் எழும். அதுவே இங்கும் நிகழ்கிறது.

எழுந்த பின் துகள்கள் தத்தம் அளவுக்கேற்பப் பிரிகின்றன. பருத்தவை அருகிலேயே விழுந்து மணல்மேடாகும். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கினும் சிறியவையோ நாட்கணக்கில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்ல வல்லவை. மூச்சோடு உட்புகுவன இவையே. இவற்றிலும் மிகச் சிறியவை நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடும்.

ஏரல்கும் தூசியில் உப்பு உண்டு. பருத்தி வயல்களிலிருந்து வடிந்த உரமும் பூச்சிமருந்தும் உண்டு. 2018 மே இறுதியில் எழுந்த உப்புப் புயல், உஸ்பெகிஸ்தானின் மேற்குப் பகுதியிலும் துர்க்மெனிஸ்தானிலும் வீடு, வயல் எல்லாவற்றின்மீதும் வெண்பொடியைப் படியச் செய்தது.

பரிகாரம் இல்லையா? உண்டு. உலர்ந்த தரையில் சக்சவுல் என்னும் பாலைப்புதரை நட்டு வருகிறார்கள். அதன் வேர் மணலைப் பிணிக்கும். கிளை, தரையருகே காற்றின் விசையைக் குறைக்கும். மணல் தாவாவிடில் தூசியும் எழாது. வடபகுதியில் கஸகஸ்தான் 2005-இல் கட்டிமுடித்த அணையால் நீர்மட்டம் உயர்ந்து, மீனும் திரும்பியது. ஆயினும் தென்பகுதியின் பெரும்பரப்பு பாலையாகவே கிடக்கிறது.

இயற்கை ஆக்கிய பாலைகளின் தூசியை நாம் முற்றிலும் தடுக்க இயலாது. ஏரல்கும்மோ ஒரு தலைமுறைக்குள் மனிதர் ஆக்கியது. ஆதலால், படத்தில் நீலத்தைக் காணும்போது, "அங்கே இன்னும் நீர் இருக்கிறதா?" என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். என்னை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.