உச்சத்தைக் குறைப்பதால் என்ன லாபம்? பிலடெல்பியா, செயின்ட் லூயிஸ், மூன்று பெட்டிகள்

"எப்படியும் எல்லாருக்கும் வரத்தான் போகுது, அப்புறம் எதுக்கு ஸ்கூலையும் தியேட்டரையும் மூடணும்?" கொரோனா நாட்களில் இந்தக் கேள்வி வராத வாட்சப் குழு இருந்திருக்காது. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல ஒரு பழைய கணக்கு இருக்கு, ஒரு பழைய சம்பவமும் இருக்கு.

முதலில் கணக்கு. 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் வெளியிட்டது. மெக்கென்ட்ரிக் இந்தியாவில் மருத்துவப் பணியில் இருந்தவர். கணக்கைப் பொருத்திப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905-06-ல் பம்பாயில் பிளேக்கால் நேர்ந்த மரணங்களின் எண்ணிக்கை.

ஊரை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கணும். இன்னும் நோய் வராதவர்கள், இப்போது பரப்பிக்கொண்டிருப்பவர்கள், குணமாகியோ இறந்தோ ஆட்டத்திலிருந்து விலகியவர்கள். முதல் பெட்டியில் இருப்பவரும் இரண்டாம் பெட்டியில் இருப்பவரும் சந்தித்தால்தான் நோய் தொற்றும். அதனால் தினமும் புதிதாகத் தொற்றுகிறவர்கள் எத்தனை பேர் என்பது இந்த இரண்டு எண்களின் பெருக்கலைப் பொறுத்தது. இரண்டாம் பெட்டியிலிருந்து தினம் ஒரு பங்கு பேர் மூன்றாவதுக்குப் போவார்கள். அவ்வளவுதான், மொத்த மாடலே இதுதான். எக்செல்லில் மூன்று காலம் போட்டால் ஓடும்.

சுகாதார நடவடிக்கை ஒவ்வொன்றும் இதில் எங்கே கை வைக்குதுன்னு பாருங்க. பள்ளி மூடல், முகக்கவசம் எல்லாம் சந்திப்பையோ, சந்திப்பில் தொற்றும் வாய்ப்பையோ குறைக்கும். நோயாளியைத் தனிமைப்படுத்தினால் அவர் பரப்பும் நாட்கள் குறையும். தடுப்பூசி ஆளை முதல் பெட்டியிலிருந்து நேராக மூன்றாவதுக்கு அனுப்பிவிடும்.

இப்போது எண்கள். ஆரம்பத்தில் ஒரு நோயாளி சராசரியாக 2.5 பேருக்குப் பரப்புகிறார்னு வச்சுக்குவோம். எதுவும் செய்யாமல் விட்டால், கடைசியில் ஊரில் 89% பேருக்கு வந்திருக்கும். உச்சத்தில் ஒரே நேரத்தில் 23% பேர் நோயோடு இருப்பார்கள். சந்திப்புகளை 40% குறைத்து அந்த 2.5-ஐ 1.5 ஆக்கினால்? மொத்தம் 58%, உச்சம் 6%. மொத்தம் மூன்றில் ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கு. உச்சமோ கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இந்த உச்சம்தான்.

இனி சம்பவம். 1918 இன்ஃப்ளூயன்சா. பிலடெல்பியாவில் முதல் நோயாளிகள் தெரியவந்தது செப்டம்பர் 17. இருந்தும் 28-ஆம் தேதி போர்க் கடன் பத்திரத்துக்கான ஊர்வலம் நடந்தது, சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். பள்ளிகள், தியேட்டர்கள், சர்ச்சுகளை மூடியது அக்டோபர் 3-ல். செயின்ட் லூயிஸில் பொதுமக்களிடையே முதல் நோயாளிகள் அக்டோபர் 5. மூடியது 7-ஆம் தேதியே. அதாவது 16 நாள், 2 நாள். இடையில் உள்ள 14 நாளில் இந்த நோய் 3 முதல் 5 முறை இரட்டிப்பாகிவிடும். 8 முதல் 32 மடங்கு.

2007-ல் ஹேட்செட், மெக்கர், லிப்சிட்ச் மூவரும் இந்நகரங்களின் மரணக் கணக்கை ஒப்பிட்டார்கள். மோசமான வாரத்தில், வழக்கத்தைவிட அதிகமான மரணம் லட்சம் பேருக்கு பிலடெல்பியாவில் 257, செயின்ட் லூயிஸில் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் 31. அந்த ஆண்டு கடைசிவரை மொத்தமாகப் பார்த்தால் 719, 347. உச்சத்தில் எட்டு மடங்கு வித்தியாசம், மொத்தத்தில் இரண்டு மடங்கு. மூன்று பெட்டிக் கணக்கு காட்டும் அதே திசை.

மொத்த வித்தியாசம் ஏன் சுருங்கியது? செயின்ட் லூயிஸ் நவம்பர் நடுவில் தளர்த்தியது, மரணங்கள் மறுபடி ஏறின. முதல் பெட்டியில் ஆட்கள் நிறைய மீதி இருந்தார்கள், கதவைத் திறந்ததும் கணக்கு தொடர்ந்தது. "எப்படியும் வரும்" என்பவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கு.

ஆனால் முழு உண்மை இல்லை. 2.5 கணக்கில் 60% பேருக்கு வந்துவிட்டாலே நோய் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் எப்படி 89-க்குப் போகுது? அந்த நேரத்தில் இரண்டாம் பெட்டி நிரம்பி வழிகிறது. பிரேக் போட்ட பிறகும் லாரி கொஞ்ச தூரம் ஓடுற மாதிரி, அவர்கள் மீதிப் பேருக்கும் பரப்புகிறார்கள். அந்த 29% வேகத்தால் மட்டுமே மாட்டிக்கொண்டவர்கள். உச்சத்தைத் தாழ்த்தி வைத்தால், தடுப்பூசியே வராவிட்டாலும் அவர்களில் பலர் கடைசிவரை தப்பிக்கலாம். தடுப்பூசி வந்தால் இன்னும் நிறைய பேர்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாடலில் ஊரில் எல்லாரும் எல்லாரையும் ஒரே மாதிரி சந்திக்கிறார்கள், நிஜத்தில் அப்படியில்லை. பம்பாய் பிளேக்கைப் பரப்பியது எலியும் தெள்ளுப்பூச்சியும். அந்த மூன்று பெட்டிகளில் எலிக்கு இடமே கிடையாது, ஆனாலும் வளைவு அழகாகப் பொருந்தியது! பொருந்துவதாலேயே காரணம் சரின்னு ஆகிடாது. நாளைக்கு எத்தனை பேர் என்று இந்தக் கணக்கிடம் கேட்காதீங்க. எந்த நடவடிக்கை எந்தப் பெட்டியைத் தொடுது, எவ்வளவு சீக்கிரம் தொடணும் என்று கேளுங்க. அதற்கு நல்ல பதில் கிடைக்கும்.